கிகி பெர்டென்ஸ்: ஸ்லாம் வெல்லாத ஆட்டக்காரரின் கணக்கை எப்படிப் பார்ப்பது?

செம்மண்தளம் (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். பெண்கள் டென்னிஸில் 2016 முதல் 2020 வரையிலான காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் செரினா, ஹாலெப், கெர்பர், ஒசாகா, பார்ட்டி என்று பெயர்கள் வரும். நெதர்லாந்தின் கிகி பெர்டென்ஸ் பெயர் வராது. வந்தாலும் "நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் ஸ்லாம் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) வெல்லவில்லையே" என்று அரை வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

1991 டிசம்பரில் வாட்டரிங்கன் என்ற சிற்றூரில் பிறந்தவர். 2012இல் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் தகுதிச்சுற்றிலிருந்து (தரவரிசையில் பின்தங்கியவர்கள் பிரதான போட்டிக்குள் நுழைய ஆடும் சுற்று) ஏறி வந்து முதல் பட்டம் வென்றார். அப்போது வயது 20. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் ஒற்றையரில் ஒரு பட்டமும் இல்லை. 2014 பிரெஞ்சு ஓபனில் மறுபடி தகுதிச்சுற்றிலிருந்து நான்காம் சுற்று வரை போனார், அவ்வளவுதான். நானும் அவரை மறந்துவிட்டிருந்தேன்.

அப்புறம் 2016 மே மாதம். நியூரெம்பர்க்கில் மீண்டும் தகுதிச்சுற்று, மீண்டும் பட்டம். அங்கிருந்து நேராகப் பாரிஸ், பிரெஞ்சு ஓபன். முதல் சுற்றிலேயே அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய ஓபன் சாம்பியன் ஏஞ்சலிக் கெர்பர். மூன்று செட்டில் அவரை வெளியேற்றினார். பிறகு கியோர்ஜி, கசாட்கினா (மூன்றாவது செட் 10-8), மேடிசன் கீஸ், பாச்சின்ஸ்கி. அரையிறுதியில் செரினா வில்லியம்ஸ். கெண்டைக்கால் காயத்தோடு ஆடி 7-6, 6-4 என்று தோற்றார். முதல் செட் டைபிரேக் (6-6 ஆனால் செட்டை முடிவுசெய்ய ஆடும் கேம்) 9-7 வரை போனது. 1977க்குப் பிறகு ஒரு டச்சுப் பெண் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் அரையிறுதியில் நின்றது அன்றுதான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய வாழ்க்கையின் பெரிய வெற்றி அந்த அரையிறுதி இல்லை. 2017 முடிவில் ஆட்டத்தையே விட்டுவிட நினைத்தவர், விடாமல் திரும்பி வந்து ஆடிய 2018தான். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நேர்கோடு

நானும் அவர் ரசிகன்தான். ஆனால் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

10 ஒற்றையர் பட்டம், தரவரிசையில் 4ஆம் இடம். இதெல்லாம் சரி. ஆனால் டென்னிஸில் நான்கு இடங்களில்தான் வரலாறு எழுதப்படுகிறது. பாரிஸ் 2016 ஒருமுறை, விம்பிள்டன் 2018 காலிறுதி ஒருமுறை. அதைத் தவிர வேறு எந்த ஸ்லாமிலும் அவர் கடைசி எட்டுப் பேருக்குள் வரவில்லை. 2017இல் நான்கு ஸ்லாமிலும் சேர்த்து இரண்டாம் சுற்றைத் தாண்டவே இல்லை. 2018, 2019 ஆண்டுகளில் பெண்கள் டென்னிஸில் யார் வேண்டுமானாலும் வெல்லலாம் என்ற நிலை. வோஸ்னியாக்கி, ஹாலெப், ஒசாகா, பார்ட்டி என்று புதுப்புதுப் பேர் முதல் ஸ்லாமைத் தூக்கினார்கள். அந்த வரிசையில் பெர்டென்ஸும் நின்றிருக்க வேண்டும். நிற்காதது எனக்கு இன்னும் வலிக்கிறது. அதை மறைத்துப் பாராட்டுவது அவருக்கே மரியாதை இல்லை.

செம்மண்தளம்

மறைக்கவில்லை நண்பரே. ஸ்லாம் இல்லை என்பது உண்மை. அதை வைத்து மட்டும் ஒரு வாழ்க்கையை அளப்பதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

மேற்குக்காற்று

நான் பல ஆண்டுகளாக நெதர்லாந்தில் டென் ஹாக் (தி ஹேக்) பக்கம் வசிக்கிறேன். வாட்டரிங்கன் இங்கிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம். சுற்றிலும் வெஸ்ட்லாண்ட் பகுதி, கண்ணுக்கு எட்டிய வரை கண்ணாடிப் பசுமைக்குடில்கள். தக்காளியும் பூவும் விளையும் ஊர்.

இங்கே உள்ளவர்கள் டென்னிஸை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் கால்பந்துக்கு அடுத்து அதிக உறுப்பினர்கள் இருப்பது டென்னிஸ் சங்கத்தில்தான். சின்ன ஊருக்குக்கூட ஒரு கிளப் உண்டு. களிமண் தளத்தை இவர்கள் "கிராவல்" என்றுதான் சொல்வார்கள். சனிக்கிழமை காலையில் அறுபது வயது தாத்தாவும் பத்து வயதுப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டில் ஆடுவார்கள். ஆடுகிறவர்கள் இத்தனை பேர் இருந்தும் உலக மேடைக்குப் போனவர்கள் குறைவு. ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற டச்சுக்காரர்கள் மொத்தம் இரண்டே பேர். 1927இல் பாரிஸில் கேயா பௌமன், 1996இல் விம்பிள்டனில் ரிச்சர்ட் கிரைச்செக். கிரைச்செக்கை எல்லோருக்கும் தெரியும். பௌமன் பெயரைச் சொன்னால் இங்கேயே பலர் யோசிப்பார்கள்.

பெர்டென்ஸுக்கு முன் முதல் பத்துக்குள் போன டச்சுப் பெண் பிரெண்டா ஷுல்ட்ஸ்-மெக்கார்த்தி. அது 1996. இருபது ஆண்டுக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியை வைத்துப் பார்த்தால்தான் 4ஆம் இடத்தின் எடை புரியும்.

பழைய_ராக்கெட்

1977 என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே, கொஞ்சம் நில்லுங்கள். அந்த ஆண்டு அரையிறுதியில் நின்ற டச்சுப் பெண் பெட்டி ஸ்டோவ். ராட்டர்டாமில் பிறந்தவர். நல்ல உயரம், கனமான சர்வ், வலைக்கு முன்னேறி ஆடுபவர்.

அந்த ஆண்டு விம்பிள்டனுக்கு நூற்றாண்டு. ராணி எலிசபெத் நேரில் வந்து அமர்ந்திருக்கிறார். ஒற்றையர் இறுதியில் ஸ்டோவுக்கு எதிரே இங்கிலாந்தின் வர்ஜீனியா வேட். முதல் செட்டை ஸ்டோவ் 6-4 என்று எடுத்தார். அரங்கம் முழுக்க வேட் பக்கம். அடுத்த இரண்டு செட்டும் 6-3, 6-1 என்று போய்விட்டன. அதே விம்பிள்டனில் நவ்ரத்திலோவாவுடன் இரட்டையர் இறுதி, தோல்வி. ஃபிரூ மெக்மில்லனுடன் கலப்பு இரட்டையர் இறுதி, அதுவும் தோல்வி. ஒரே போட்டியில் மூன்று இறுதி ஆடி மூன்றிலும் வெறுங்கையோடு வந்தார்.

எல்லோரும் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். அதே இரண்டு துணைகளோடு சில வாரங்களில் நியூயார்க் போய் அமெரிக்க ஓபனில் இரட்டையர், கலப்பு இரட்டையர் இரண்டையும் வென்றார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஒற்றையர் அரையிறுதியும் அங்கேதான். இரட்டையர், கலப்பு இரட்டையர் சேர்த்து அவரிடம் 10 ஸ்லாம் பட்டம் உண்டு. பிறகு ஹனா மாண்ட்லிகோவாவுக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார்.

ஒற்றையர் தரவரிசையில் ஸ்டோவின் உச்சம் 5. பெர்டென்ஸ் 4. ஓர் இடம்தான் வித்தியாசம், இடையில் நாற்பது ஆண்டுக்கு மேல். டச்சுப் பெண்களில் மிக உயரத்துக்குப் போனவர் யார் என்று என்னைக் கேட்டால் நான் இப்போதும் ஸ்டோவ் என்றுதான் சொல்வேன். ஸ்லாம் இறுதியில் நின்றவர் அவர்.

நேர்கோடு

ஐயா, நீங்கள் எழுதியது என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. ஸ்டோவ் தோற்றார், ஆனால் இறுதி நாளில் கோர்ட்டில் இருந்தார். பெர்டென்ஸ் அந்த நாளுக்கே போகவில்லை.

2019ஐ எடுத்துக்கொள்வோம். மே மாதம் மாட்ரிட்டில் அவர் ஆடிய மாதிரி அந்த ஆண்டு களிமண்ணில் யாரும் ஆடவில்லை என்பது என் எண்ணம். ஒரு செட்டைக்கூட இழக்காமல் பட்டம். ஆஸ்டபென்கோ, க்விட்டோவா, ஸ்டீபன்ஸ், இறுதியில் ஹாலெப் 6-4, 6-4. அந்த இறுதியை வென்றிருந்தால் ஹாலெப் முதலிடத்துக்கே போயிருப்பார். அந்தத் தொடர் வரலாற்றில் ஒரு செட்டும் விடாமல் வென்ற முதல் பெண் இவர். தரவரிசை 4. பாரிஸில் பட்டம் வெல்லக்கூடியவர்களில் முதல் பெயராக அவரைத்தான் பலரும் சொன்னார்கள். என்ன ஆனது? இரண்டாம் சுற்றில் குஸ்மோவாவோடு நான்கு கேம் ஆடிவிட்டு, வயிறு கெட்டுப்போய் ஆட்டத்தை விட்டு வெளியேறினார்.

நோய்க்கு யாரும் பொறுப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்டவணைக்குப் பொறுப்பு உண்டு. வாரத்துக்கு வாரம் ஆடினார். சின்னத் தொடர், பெரிய தொடர் என்று பார்க்காமல் ஆடினார். ஜூனில் ரோஸ்மாலன் இறுதி, சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், முதல் செட் 6-0. ஐந்து மேட்ச் பாயின்ட் (இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டமே கையில் என்ற நிலை) கையில் இருந்தும் அலிசன் ரிஸ்கியிடம் தோற்றார். ஜூலையில் பலெர்மோ இறுதி, அங்கும் தோல்வி. உடம்பும் மனசும் எவ்வளவுதான் தாங்கும்? ஸ்லாமுக்கு முன்னால் ஓய்வெடுக்கும் பழக்கம் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாம்சர்வ்

கல்லூரி அணியில் நான்கு ஆண்டு ஆடியவள் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது ஆட்டம் பற்றி. பெர்டென்ஸின் உயரம் 1.82 மீட்டர். அவரது இரண்டாம் சர்வைக் (முதல் சர்வ் தவறினால் போடுவது) கவனியுங்கள். பந்து தரையில் பட்டதும் எகிறி, எதிரே இருப்பவரின் தோளுக்கு மேல் போகும். பெண்கள் டென்னிஸில் இரண்டாம் சர்வ் என்றால் பெரும்பாலும் எதிராளிக்குக் கிடைக்கும் விருந்து. இவரிடம் அப்படி இல்லை. ஃபோர்ஹேண்டும் அதே மாதிரி, கனமான சுழற்சி. எதிராளியை இரண்டடி பின்னால் தள்ளிவிட்டு உடனே ஒரு டிராப் ஷாட், பந்து வலையைத் தாண்டியதும் பக்கத்திலேயே விழும். களிமண்ணில் இது விஷம். அதனால்தான் 2017 வரைக்கும் எல்லோரும் "களிமண் ஆட்டக்காரி" என்று முத்திரை குத்தினார்கள். அவரும் அதை நம்பினார் என்பதுதான் பிரச்சினை. ஹார்ட் கோர்ட்டில் சர்வ் போடும்போதே தோற்கப்போகிற முகம் தெரியும்.

இரண்டாவது, ஆட்டத்தை விட நினைப்பது பற்றி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புரிவது கஷ்டம். வெற்றி வந்த பிறகுதான் பயமும் வரும். 89, 90ஆம் இடத்தில் இருக்கும்போது தோல்வி யாருக்கும் செய்தி இல்லை. 20ஆம் இடத்தில் இருக்கும்போது ஒவ்வொரு முதல் சுற்றும் தேர்வுக்கூடம் மாதிரி ஆகிவிடும். எனக்கு மிகச் சிறிய அளவில் அது நடந்தது. மாநில அளவில் ஒரு போட்டியில் வென்ற பிறகு, அடுத்த ஆறு மாதம் ராக்கெட் பையைத் திறக்கவே கை வரவில்லை. நான் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. அதனால்தான் செம்மண்தளம் சொன்னது எனக்குச் சரியென்று படுகிறது.

செம்மண்தளம்

நன்றி தோழி. நீங்கள் தொட்ட இடத்தை விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இழையைத் தொடங்கியதே அதற்காகத்தான்.

2017ஐக் காகிதத்தில் பார்த்தால் கெட்ட ஆண்டு இல்லை. நியூரெம்பர்க், க்ஸ்டாட் என்று இரண்டு பட்டம். யொஹான்னா லார்சனோடு இரட்டையரில், அந்த ஆண்டின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆண்டிறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்று, சிங்கப்பூரில் இறுதி வரை போனார். அந்தச் சிங்கப்பூரில்தான் பயிற்சியாளர் ரேமோன் ஸ்லாய்ட்டரிடம், இனி இப்படியே தொடர விருப்பமில்லை என்று சொன்னார். பின்னாளில் பல பேட்டிகளில் அவரே இதைப் பேசியிருக்கிறார். வென்றாலும் மகிழ்ச்சி வரவில்லை, தோற்றால் நாள் முழுக்க அதே நினைப்பு. எதற்காக ஆடுகிறோம் என்றே தெரியாத நிலை.

பேசிப் பேசித்தான் அதிலிருந்து வெளியே வந்தார். முடிவைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு, அன்றன்றைய பயிற்சியை மட்டும் பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள்.

அடுத்து என்ன நடந்தது? 2018 ஏப்ரல், சார்ல்ஸ்டன். மழையால் அரையிறுதியும் இறுதியும் ஒரே நாளில். காலையில் மேடிசன் கீஸுக்கு எதிராக ஒரு மேட்ச் பாயின்ட்டைத் தடுத்து மூன்றாவது செட் டைபிரேக்கில் வென்றார். அன்றே யூலியா கியோர்கஸை 6-2, 6-1 என்று முடித்தார். மே மாதம் மாட்ரிட் இறுதி, க்விட்டோவாவிடம் மூன்று செட்டில் தோல்வி. ஜூலையில் விம்பிள்டன். புல் தளம் அவருக்குச் சுத்தமாக ஒத்துவராது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வீனஸ் வில்லியம்ஸை மூன்றாவது செட்டில் 8-6 என்று வென்றார். அடுத்து கரோலினா பிளிஷ்கோவா. காலிறுதி.

ஆகஸ்டில் சின்சினாட்டி. ஹார்ட் கோர்ட், கடும் வெயில். ஸ்விட்டோலினா, க்விட்டோவா எல்லோரையும் தாண்டி இறுதியில் ஹாலெப். அப்போது ஹாலெப் உலகின் முதல் நிலை ஆட்டக்காரர், பிரெஞ்சு ஓபன் சாம்பியன், முந்தைய வாரம்தான் மான்ட்ரியாலில் பட்டம் வென்றவர். பெர்டென்ஸ் முதல் செட்டை 2-6 என்று இழந்தார். இரண்டாவது செட் டைபிரேக்கில் ஹாலெப்புக்கு மேட்ச் பாயின்ட். அதைத் தடுத்து 8-6, மூன்றாவது செட் 6-2. பத்து மாதத்துக்கு முன் ஆட்டமே வேண்டாம் என்றவர், தனக்கு வராது என்று நம்பிய தளத்தில் அன்று சாம்பியன்.

ஸ்லாம் பட்டியலைப் பார்த்து இதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் நேர்கோடு? அதில் இதற்கு இடமே கிடையாது.

சுழல்பந்து

இரட்டையரையும் விட்டுவிடாதீர்கள். ஒற்றையரில் 10 மாதிரியே இரட்டையரிலும் 10 பட்டம் வென்றிருக்கிறார். 2016 பிப்ரவரியில் ஃபெட் கோப்பையையும் (நாடுகளுக்கு இடையிலான பெண்கள் அணிப் போட்டி) சேர்த்துக்கொள்ளுங்கள். மாஸ்கோவில் ரஷ்யாவுக்கு எதிராக சக டச்சு ஆட்டக்காரர் ஹோகென்காம்ப் நான்கு மணி நேரம் ஆடிக் குஸ்னெட்சோவாவை வென்றதும், பெர்டென்ஸ் தன் ஒற்றையர் ஆட்டங்களை வென்று வெற்றியை உறுதிசெய்ததும் நெதர்லாந்துக்குப் பெரிய விஷயம். பாரிஸ் அரையிறுதிக்கான தன்னம்பிக்கை அங்கே தொடங்கியது என்பது என் எண்ணம்.

வைகறை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே வந்தேன். "டச்சுப் பெண்களில் மிக உயரத்துக்குப் போனவர் யார்" என்று ஸ்டோவா பெர்டென்ஸா என்று பேசுகிறீர்கள். எஸ்தர் வெர்கேர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. வருத்தமாக இருக்கிறது.

எட்டு வயதில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால்கள் செயலிழந்தவர். முதலில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து. 1997இல் டச்சு அணியோடு ஐரோப்பிய சாம்பியன். பிறகு முழுமூச்சாக டென்னிஸ். 2003 ஜனவரியில் சிட்னியில் டேனியலா டி டோரோவிடம் ஓர் ஆட்டத்தில் தோற்றார். அதற்குப் பிறகு 2013இல் ஓய்வு பெறும் வரை ஒற்றையரில் தோற்கவே இல்லை. தொடர்ந்து 470 வெற்றி. 2000 சிட்னி முதல் 2012 லண்டன் வரை நான்கு பாராலிம்பிக்கிலும் ஒற்றையர் தங்கம். 21 ஸ்லாம் ஒற்றையர் பட்டம். அவர் காலத்தில் விம்பிள்டனில் சக்கர நாற்காலி ஒற்றையர் போட்டியே கிடையாது. அதையும் நினைவில் வைத்து அந்த 21ஐப் பாருங்கள்.

2008 பெய்ஜிங் இறுதியில் சக டச்சுப் பெண் கோரி ஹோமன் மேட்ச் பாயின்ட் வரை வந்துவிட்டார். அதையும் தடுத்து மூன்றாவது செட் டைபிரேக்கில் வெர்கேர் வென்றார். சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு முறை தரையில் படலாம், மற்றபடி அதே கோர்ட், அதே வலை, அதே எண்ணிக்கை. 2023இல் சர்வதேச டென்னிஸ் புகழ் மன்றத்திலும் சேர்த்துவிட்டார்கள். நம் பேச்சில் மட்டும் ஏன் தனிப் பட்டியல்?

பழைய_ராக்கெட்

தவறு என்னுடையது. ஒற்றையர், இரட்டையர் என்று எண்ணிக்கொண்டே போய் வெர்கேரை விட்டுவிட்டேன். நான் கேட்ட கேள்விக்குப் பதில் அவர்தான், அதில் வாதமே இல்லை. வெர்கேரைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள் வைகறை, கட்டாயம் எழுதுகிறேன்.

நேர்கோடு

வைகறை சொன்னதை நானும் ஏற்கிறேன்.

பெர்டென்ஸ் விஷயத்தில் ஓரடி பின்வாங்குகிறேன். சின்சினாட்டி இறுதியை நேற்று மறுபடி பார்த்தேன். இரண்டாவது செட்டில் அவர் முகத்தில் பதற்றமே இல்லை. 2017இல் அந்த இடத்தில் நின்றவரும் இவரும் ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. அந்த மாற்றத்தைச் சாதனை என்று சொன்னால் சரி, சொல்லிக்கொள்ளுங்கள், எதிர்க்க மாட்டேன். ஆனால் அட்டவணை பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. 2018 ஆண்டிறுதிப் போட்டிக்கு ஹாலெப் விலகியதால் கிடைத்த இடத்தில் வந்து கெர்பரை வென்று அரையிறுதி வரை போனார், அருமை. அடுத்த ஆண்டு ஷென்சென்னில் ஒசாகாவுக்குப் பதிலாக வந்து பார்ட்டியை வென்றார். ஆனால் பென்சிச்சுக்கு எதிராக உடம்பு முடியாமல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆண்டு முழுக்க ஓடியதன் விலை அது.

மேற்குக்காற்று

விலையைப் பற்றிப் பேசுவதென்றால் 2020 பாரிஸைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிபாகினாவை வென்று பத்தாவது பட்டம். பிறகு கொரோனா. பிரெஞ்சு ஓபன் செப்டம்பர் இறுதிக்குத் தள்ளிப்போனது, குளிர், காலியான அரங்கம். இரண்டாம் சுற்றில் சாரா எர்ரானி. 7-6, 3-6, 9-7. மூன்று மணி நேரத்துக்கு மேல். கடைசிப் பந்து முடிந்ததும் தசைப்பிடிப்பில் தரையில் விழுந்து துடித்தார். வென்றவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் கோர்ட்டிலிருந்து கொண்டுபோனார்கள். அடுத்த சுற்றையும் ஆடி வென்றார்! நான்காம் சுற்றில் திரெவிசானிடம் தோல்வி.

அந்த அக்டோபரிலேயே குதிகால் தசைநாணில் அறுவை சிகிச்சை. 2021இல் திரும்பி வந்தார், ஆனால் பழைய வேகம் வரவில்லை. பாரிஸில் முதல் சுற்றுத் தோல்வி. ஜூன் மாதம், இந்த ஆண்டோடு முடித்துக்கொள்கிறேன் என்று அறிவித்தார். விம்பிள்டன் முதல் சுற்றில் தோல்வி. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் முதல் சுற்றில் வோண்ட்ரூஷோவாவிடம் மூன்று செட் ஆடித் தோற்றார், அந்த வோண்ட்ரூஷோவாதான் கடைசியில் வெள்ளி வென்றார். டெமி ஸ்கூர்ஸுடன் இரட்டையரும் ஆடி முடித்தார். வயது 29.

அறிவிப்பு வந்த அன்று அலுவலகத்தில் என் டச்சு சக ஊழியர் ஒருவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நான் "இன்னும் இரண்டு ஆண்டு ஆடியிருக்கலாமே" என்றேன். "ஏன்? அவருக்குப் போதும் என்று தோன்றிவிட்டது" என்றார். அவ்வளவுதான். ஸ்லாம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இரண்டாம்சர்வ்

2017இல் விட நினைத்தது ஓடி ஒளிவதற்கு. 2021இல் விட்டது, ஆடி முடித்ததால். இரண்டையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது.

சுழல்பந்து

வீட்டில் என் மகள் இப்போதுதான் டென்னிஸ் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள், வயது பதினொன்று. பெர்டென்ஸ் ஆட்டம் ஒன்றை முழுதாகக் காட்டலாம் என்றால் எதைக் காட்டுவது? சின்சினாட்டியா, மாட்ரிட்டா?

செம்மண்தளம்

மாட்ரிட் 2019 இறுதி. இரண்டே செட், அதனால் குழந்தைக்கு அலுக்காது. இரண்டாம் சர்வ் எகிறுவது, டிராப் ஷாட், எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். சின்சினாட்டியை அப்புறம் காட்டுங்கள். முதல் செட் 2-6 என்று முடிந்ததும் நிறுத்திவிட்டு, இனி என்ன ஆகும் என்று அவளிடம் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.

சுழல்பந்து

சரி, ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்த்துவிடுகிறோம்.